ஊசித் தூண்களும் எகிப்தியர் கோயில்களும்

அரசுப் பணியின் நிமித்தம் கொல்கத்தாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது, விடுமுறை நாட்களில் தெற்குப் பார்க் தெருவிலுள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று வருவது நம் வழக்கமாக இருந்தது. வடமொழி ஆராய்ச்சியில் புகழ் பெற்ற சர் வில்லியம் ஜோன்ஸ் 1794இல் மறைந்து அங்கேதான் அடங்கியிருக்கிறார். அவருடைய கல்லறையின்மேல், நான்கு பக்கங்களோடு எழுந்து, மேலே செல்லச் செல்லக் குறுகி, கூர்மையாக முடியும் உயர்ந்த தூண் ஒன்று நிற்கிறது. தில்லியில் வாழும் அன்பர்கள் இதே சாயலை முடிசூட்டுப் பூங்காவில் கண்டிருப்பார்கள். 1911ஆம் ஆண்டுத் தர்பாரின் நினைவாக எழுந்த தூண் அது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலரும் இத்தகைய தூண் ஒன்றை நாள்தோறும் கடந்து செல்பவர்களாகவே இருப்பர். இவ்வடிவம் எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

ஆங்கிலேயர் இதைத் தாமே படைத்தாரல்லர். உரோமரிடமிருந்து ஐரோப்பா பெற்றது. உரோமரோ எகிப்தியரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். கோயிலின் ஓர் உறுப்பாகப் பிறந்த கல், கோயிலை விட்டு நீங்கி, கடல் கடந்து, நகரச் சதுக்கங்களின் அணிகலனாகி, இறுதியில் கல்லறைகளின் அடையாளமாகவும் ஆன வரலாறு இது. அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

மேனாட்டார் இத்தூணை ‘ஒபிலிஸ்க்’ என்பர். இது கிரேக்கச் சொல். இறைச்சியைக் குத்திச் சுடும் சிறு கம்பி என்பது அதன் பொருள். வானளாவிய கல்லைக் கண்ட கிரேக்கர், அடுக்களைக் கருவியின் பெயரை வேடிக்கையாக அதற்குச் சூட்டினர் போலும். எகிப்தியர் தம் மொழியில் இதனைத் ‘தெக்கென்’ என்றனர். நாம் ஈண்டு ‘ஊசித் தூண்’ என்றே வழங்குவோம்.

ஊசித் தூண் கதிரவன் வழிபாட்டோடு தோன்றியது. இன்றைய கெய்ரோ நகரின் ஒரு பகுதியாகிவிட்ட மத்தாரியா என்னுமிடத்தில், பண்டைக் காலத்தில் கதிரவனுக்குரிய திருநகர் ஒன்று இருந்தது. கிரேக்கர் அதனை ஹீலியோபொலிஸ் என்றனர். படைப்பின் தொடக்கத்தில் எங்கும் நீராய் இருந்தபோது, அந்நீரினின்று முதலில் எழுந்த மேட்டின்மேல் கடவுள் தோன்றினார் என்பது அந்நகரத்துப் பூசாரிகளின் நம்பிக்கை. அம்மேட்டின் வடிவாக ‘பென்பென்’ என்னும் திருக்கல் ஒன்றை வைத்து அவர்கள் வழிபட்டனர். ஊசித் தூணின் உச்சியிலுள்ள சிறு பிரமிடு அக்கல்லையே நினைவூட்டுகிறது. அவ்வுச்சிக்குப் பொன்னாலோ, பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தாலோ தகடு வேய்வர். காலைக் கதிர் தரையைத் தொடுமுன் அத்தகட்டைத் தொட்டு ஒளிரும். ஆகவே ஊசித் தூணை வெறும் வெற்றித் தூண் என்று கொள்வது பிழை. கதிரவன் வந்து தங்கும் இடம் என்று எகிப்தியர் அதனைக் கருதினர்.

அத்திருநகரில் இன்று எஞ்சி நிற்பது ஒரே ஊசித் தூண். முதலாம் செனுஸ்ரெத் என்னும் மன்னன் ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் நாட்டியது. உயரம் 20 மீட்டருக்கு மேல். நிலைபெற்று நிற்கும் பெரிய ஊசித் தூண்களுள் இதுவே மிகப் பழமையானது. அதைச் சூழ்ந்திருந்த கோயிலின் கட்டடங்கள் மறைந்துவிட்டன.

ஊசித் தூணுக்கு மூன்று இலக்கணங்கள் கூறலாம். முதலாவது, அது ஒற்றைக் கல்லால் ஆனது. அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூண் 169 மீட்டர் உயரமுடையது. ஆயினும் அது பல்லாயிரம் கற்களை அடுக்கிக் கட்டியது. எகிப்தியரின் கண்ணுக்கு அது கட்டடமே அன்றி ஊசித் தூண் ஆகாது. இரண்டாவது, பெரும்பாலும் அது இணையாகவே நாட்டப்படும். கோயில் வாயிலின் இருபுறமும் ஒவ்வொன்றாக நிற்கும். மூன்றாவது, அது கோயிலைச் சேர்ந்தது. இம்மூன்றாவது இலக்கணத்தை உணர வேண்டுமானால், எகிப்தியர் கோயிலின் அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும்.

நைல் நதிக்கரையிலுள்ள லக்சர் நகரத்துக்கு நாம் சென்றிருப்பதாகக் கொள்வோம். பண்டை நாளில் அதற்குத் தீப்ஸ் என்று பெயர். அங்கு லக்சர் கோயில், கர்னாக் கோயில் என இரு பெருங்கோயில்கள் உள்ளன. இரண்டையும் இணைக்கும் பாதை ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளமானது; சிங்கவுடல் கொண்ட ஸ்பிங்க்ஸ் உருவங்கள் அதன் இருமருங்கும் வரிசையாக அமர்ந்துள்ளன. நெடுங்காலம் மண்ணிலும் வீடுகளின் அடியிலும் புதைந்து கிடந்த இப்பாதை, அகழ்ந்து செப்பனிடப்பட்டு 2021ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

பாதையின் முடிவில் கோயிலின் வாயில். சரிந்த பக்கங்களையுடைய இரண்டு பெருஞ்சுவர்கள் குன்றுகள்போல் எழுந்து நிற்க, அவற்றின் நடுவே வாயில் அமைந்திருக்கும். இதனைப் ‘பைலன்’ என்பர். எகிப்தியரின் சித்திர எழுத்தில் அடிவானத்தைக் குறிக்க, இரு குன்றுகளையும் அவற்றின் இடையே உதிக்கும் கதிரவனையும் வரைவர். அவ்வெழுத்தையே கல்லில் கட்டியதுபோன்றது இவ்வாயில். சுவர்களில் நெடிய பள்ளங்களை விட்டு, அவற்றில் கொடிமரங்களை நிறுத்துவர். கொடி பறக்கும் கம்பமே அவர்கள் எழுத்தில் ‘கடவுள்’ என்னும் சொல்லைக் குறிக்கும். இவ்வாயிலின் முன்னேதான் ஊசித் தூண்கள் இரண்டும் நிற்கும். வருவோர்க்கு வாயில், கொடிமரம், ஊசித் தூண் யாவும் சேர்ந்து ஒரே செய்தியைச் சொல்லும்: கதிரவன் உதிக்கும் இடம் இது, கடவுள் உறையும் இடம் இது.

வாயிலைக் கடந்தால் திறந்த முற்றம். அதற்கப்பால் தூண் மண்டபம். கர்னாக் கோயிலில் முதலாம் சேத்தியும் அவன் மகன் இரண்டாம் ரம்சேசும் நிறைவேற்றிய மண்டபத்தில் 134 தூண்கள் உள்ளன. நடுவிலுள்ள 12 தூண்கள் ஏறத்தாழ 21 மீட்டர் உயரமானவை; ஏனைய 122 தூண்களும் அவற்றினும் குட்டையானவை. உயர வேறுபாட்டால் கூரைகளுக்கிடையே உண்டாகும் இடைவெளியில் கல் பலகணிகளை வைத்து, மேலிருந்து மெல்லிய ஒளி விழுமாறு செய்தனர். தூண்களின் தலைப்பு, விரிந்த பாப்பிரஸ் பூவாகவோ குவிந்த மொட்டாகவோ செதுக்கப்பட்டிருக்கும். படைப்பின் தொடக்கத்தில் நீரில் முளைத்த நாணற்காடே இம்மண்டபம் என்பது கருத்து.

மண்டபத்திற்கப்பால் செல்லச் செல்லத் தரை சிறிது சிறிதாக உயரும்; கூரை தாழும்; அறைகள் குறுகும்; ஒளி மங்கும். முடிவில் இருண்ட கருவறை. அங்கே கற்பேழையினுள் இறையுருவம் இருக்கும். பூசாரிகள் நாள்தோறும் அதனை எழுப்பி, ஆடை அணிவித்து, உணவு படைத்துக் கதவைச் சாத்துவர். பொதுமக்கள் கருவறைவரை செல்ல இயலாது. விழா நாட்களில் இறையுருவம் தோணி வடிவான பல்லக்கில் வெளியே வரும்போதுதான் அவர்கள் வழிபடுவர். அப்போதும் உருவம் திரையால் மறைக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் ‘ஓபெத்’ விழாவில் ஆமுன் தேவன் கர்னாக்கிலிருந்து லக்சருக்கு எழுந்தருள்வான்.

இதைக் கேட்கும்போது நம் ஊர்க் கோயிலும் திருவிழாவும் நம் நினைவில் எழுவது இயல்பே. ஊர்நினைவு மிக்க நமக்கு அது இன்பமும் தரும். ஆயினும் ஒப்புமை வேறு, உறவு வேறு. கர்னாக்கின் மண்டபம் எழுந்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே தமிழகத்தில் கற்கோயில்கள் எழுந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று கூறச் சான்றில்லை. உண்மையான தொடர்பு வேறு வழியில் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஊசித் தூணைச் செய்த விதம் வியப்பூட்டுவது. எகிப்தின் தென்கோடியிலுள்ள அஸ்வான் நகரில் செந்நிறக் கருங்கல் மலிந்த சுரங்கங்கள் உள்ளன. அங்கே, முடிவுறாத ஊசித் தூண் ஒன்று பாறையோடு ஒட்டியவாறே படுத்துக் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். முடிந்திருந்தால் எடை 1,000 டன்னுக்கு மேல் இருந்திருக்கும். இன்று நிற்கும் எகிப்திய ஊசித் தூண் எதுவும் இதற்கு ஈடன்று. எங்கெல்பாக் என்னும் ஆங்கில ஆய்வாளர் இதைச் சுற்றியிருந்த மண்ணை அகற்றி 1922இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். தொழிலாளர் செய்த வேலையின் முறை அதனால் தெளிவாயிற்று.

அக்காலத்துச் செப்புக் கருவிகளால் கருங்கல்லைச் செதுக்கி எடுக்க முடியாது. ஆதலால் அதனினும் கடினமான டோலரைட் என்னும் கல்லை உருண்டையாகக் கையில் ஏந்தி, பாறையை இடித்து இடித்துப் பொடியாக்கினர். இவ்வாறு தூணைச் சுற்றி ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பள்ளம் தோண்டினர். பின்னர் அடியிலும் குடைந்து பாறையினின்று பிரித்தனர். நைல் நாட்டுக் கோடையில், பாறையின் வெப்பத்துக்கும் கற்பொடிக்கும் நடுவில் குனிந்து நின்று செய்த வேலை அது. அஸ்வானில் அவ்வேலை பெரும்பகுதி முடிந்த நிலையில் பாறையில் விரிசல்கள் வெளிப்பட்டன. தூணின் அளவைக் குறைத்தேனும் காப்பாற்றலாமா என்று முயன்றதற்கான கோடுகள் கல்லின்மேல் இன்றும் உள்ளன. அம்முயற்சியும் பயன்படவில்லை. போட்டது போட்டபடி விட்டுச் சென்றனர். வெற்றி பெற்ற தூண்கள் மன்னர் பெயரையே சொல்கின்றன. தோல்வியுற்ற இத்தூண் ஒன்றே தொழிலாளரைப் பற்றி நமக்குச் சொல்கிறது.

வெட்டியெடுத்த தூணைப் பெரிய தோணியில் ஏற்றி நைல் வழியே கொண்டு செல்வர். ஹட்செப்சுத் என்னும் அரசி தன் கோயிற் சுவரில் அக்காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறாள். ஊசித் தூண்கள் ஏற்றிய பெருந்தோணியைத் துடுப்புப் படகுகள் மூன்று வரிசைகளாக இழுத்துச் செல்கின்றன. தூணை நிமிர்த்திய முறை பற்றி எகிப்தியர் எழுதி வைத்தாரில்லை. சரிவான மேடையின் வழியே தூணை மேலே இழுத்து, மணல் நிரப்பிய குழியின்மேல் அதன் அடியை வைத்து, மணலைக் கீழிருந்து சிறிது சிறிதாக வெளியேற்றி இறக்கியிருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து. 1999இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 25 டன் கல் ஒன்றை இம்முறையில் நிமிர்த்திக் காட்டினர். பீடங்கள் சிலவற்றில் ஓரமாக வெட்டப்பட்டுள்ள நீண்ட பள்ளமும், தூணின் அடிவிளிம்பு அதில் பொருந்தித் திரும்பியிருக்கும் என்பதைக் காட்டுகிறது.

ஹட்செப்சுத் கர்னாக்கில் நாட்டிய தூண் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 29 மீட்டர். எடை 300 டன்னுக்கு மேல். சுரங்கத்தில் வேலை தொடங்கி முடிய ஏழு திங்கள் ஆயிற்று என்று அதன் அடியில் பொறித்திருக்கிறாள். தான் கூறுவது வெற்றுப் பெருமை என்று பிற்காலத்தார் எண்ணலாகாது எனச் சூளும் உரைக்கிறாள். அவளுக்குப்பின் ஆண்ட மூன்றாம் துட்மோஸ், அவளுடைய தூண்களின் கீழ்ப்பகுதியைச் சுவரெழுப்பி மறைத்தான். அச்சுவரே அப்பகுதியைக் காத்து நமக்கு அளித்தது. அவளுடைய இணைத் தூணோ விழுந்துடைந்து, அதன் மேற்பகுதி கோயிற் குளத்தருகே கிடக்கிறது.

இனி, இத்தூண்கள் நாடு கடந்த கதை. கி.மு. 30இல் எகிப்து உரோமர் வசமாயிற்று. வென்ற நாட்டின் அடையாளமாகப் பேரரசர்கள் ஊசித் தூண்களைப் பெயர்த்துச் சென்றனர். கி.பி. 357இல் உரோம் நகரில் நாட்டப்பட்ட தூண், கர்னாக்கிற்கென மூன்றாம் துட்மோஸ் வெட்டச் செய்தது. ஏறத்தாழ 32 மீட்டர் உயரமுடையது. பின்னர் அது விழுந்து மண்ணுள் மறைந்தது. 1587இல் மூன்று துண்டுகளாகக் கண்டெடுத்து, அடுத்த ஆண்டில் லாத்தரன் ஆலயத்தருகே நிறுத்தினர். இன்று நிற்கும் பண்டை எகிப்திய ஊசித் தூண்களுள் மிக உயரமானது அதுவே. உரோம் நகரில் மட்டும் பழைய ஊசித் தூண்கள் 13 உள்ளன. அவற்றுள் எகிப்தியர் செய்தவை 8, உரோமர் காலத்தில் செய்தவை 5. துட்மோசின் மற்றொரு தூண் கி.பி. 390இல் இன்றைய இஸ்தான்புல் நகரில் நாட்டப்பட்டு இன்றும் அங்கே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய வல்லரசுகள் அதே ஆசை கொண்டன. எகிப்தை ஆண்ட முகம்மது அலி, லக்சர் கோயில் வாயிலில் ரம்சேஸ் நாட்டிய இணைத் தூண்களைப் பிரான்சுக்கு அன்பளிப்பாக வழங்கினார். ஒன்றை மட்டுமே எடுத்துச் சென்று 1836 அக்டோபர் 25 அன்று பாரிஸ் நகரின் கான்கார்டு சதுக்கத்தில் நிறுத்தினர். பதிலுக்குப் பிரான்சு அளித்த கடிகாரம் கெய்ரோக் கோட்டையில் நெடுங்காலம் ஓடாமலே நின்றிருந்தது. மற்றொரு தூணின்மீதிருந்த உரிமையைப் பிரான்சு 1981இல் முறைப்படி கைவிட்டது. இன்று லக்சர் வாயிலில் ஒருபுறம் தூண். மறுபுறம் வெறும் பீடம்.

இலண்டனுக்குச் சென்ற தூணின் கதை துயரமானது. இரும்பு உருளையைப் போன்ற கலத்தில் அதனை அடைத்து, நீராவிக் கப்பலின் பின்னே கட்டி இழுத்தனர். 1877 அக்டோபரில் பிஸ்கே விரிகுடாவில் புயல் வீசியது. கலத்திலிருந்தோரைக் காக்கச் சென்ற மாலுமியர் அறுவர் கடலில் மாண்டனர். அலைகளில் மிதந்த கலத்தைப் பின்னர் மீட்டு, 1878 செப்டம்பரில் தேம்ஸ் நதிக்கரையில் தூணை நிறுத்தினர். மாண்ட அறுவரின் பெயர்கள் அதன் அடியில் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் இணைத் தூண் 1881இல் நியூயார்க் நகரில் நிறுத்தப்பட்டது. இரண்டையும் ‘கிளியோபாத்ராவின் ஊசி’ என்பர். ஆனால் கிளியோபாத்ரா பிறப்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே அவை வெட்டப்பட்டன.

ஊசித் தூணொன்று அறிவுலகுக்குச் செய்த தொண்டையும் இங்குக் கூறியாக வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலாக உடைய நமக்கு இச்செய்தியில் தனி ஈடுபாடு உண்டு. நைல் நதியிலுள்ள பிலே தீவில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுத் தூண் ஒன்று இருந்தது. அதன் உடலில் எகிப்தியச் சித்திர எழுத்து. பீடத்தில் கிரேக்க எழுத்து. கிரேக்க வாசகம் ஒரு விண்ணப்பம். தீவுக்கு வந்துபோகும் அதிகாரிகளுக்குச் செலவு செய்தே கோயில் வறுமையுறுகிறது, அருள்கூர்ந்து தடுக்க வேண்டும் என்று பூசாரிகள் மன்னனை வேண்டினர். மன்னனும் அதற்கு இணங்கினான். அலுவலகக் கோப்புகளில் இன்று நாம் காணும் விண்ணப்பங்களுக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை! இரு வாசகங்களும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல. ஆனால் இரண்டிலும் தாலமி, கிளியோபாத்ரா என்னும் பெயர்கள் வருகின்றன. அப்பெயர்களின் எழுத்துகளை ஒப்பிட்டு நோக்கியது, 1822இல் ஷம்போலியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்க்க உதவியது. பன்னூறு ஆண்டுகள் ஊமையாய் நின்ற கற்கள் மீண்டும் பேசத் தொடங்கின. அத்தூண் இன்று இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்தில் உள்ளது.

மேலே குறித்த உண்மையான தொடர்புக்கு வருவோம். லக்சர் தூண்களை நாட்டிய இரண்டாம் ரம்சேசின் பதப்படுத்தப்பட்ட உடலை ஆராய்ந்த அறிஞர்கள், மூக்கினுள் மிளகு மணிகளைக் கண்டனர். மிளகு தென்னிந்தியாவின் மேற்குக் கரை மலைகளுக்கு உரியது. பின்னர், உரோமர் காலத்தில் எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கோயில் முற்றத்தில் வைக்கப்பட்டிருந்தது அகழாய்வில் வெளிப்பட்டது. அதே ஊரில் 1995இல் கிடைத்த பானை ஓட்டில் ‘கொற்றன்’ என்னும் பெயர் தமிழ் எழுத்தில், அதாவது தமிழ் பிராமியில், பொறிக்கப்பட்டுள்ளது; காலம் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டு. உரோமர் ஊசித் தூண்களைப் பெயர்த்துக் கொண்டிருந்த காலத்தில், நம்மவன் ஒருவனது பெயரும் அந்நாட்டு மணலில் இருந்தது. பிழைப்பு நாடி வெளியூர் சென்றவன் தன் பாத்திரத்தில் பெயர் எழுதி வைப்பது அன்றும் வழக்கமே.

பெயர்த்துச் சென்றதால் தூண்கள் காக்கப்பட்டன என்று சிலர் வாதிப்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. எகிப்திலேயே பல தூண்கள் உடைந்து பிற கட்டடங்களுக்குக் கல்லாகிப் போயின. எனினும் வறண்ட மணல் நாட்டில் மூவாயிரம் ஆண்டுகள் நிலைத்த எழுத்து, பிற நாடுகளின் புகையிலும் பனியிலும் சிதைவுறுகிறது. நியூயார்க் தூணின் நிலை குறித்து எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவர் 2011இல் கண்டனம் தெரிவித்தார். 2014இல் அதனைத் தூய்மை செய்து பேணினர். எத்தியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து 1937இல் உரோமுக்குக் கொண்டு செல்லப்பட்ட பழந்தூண் 2005இல் தாய்நாடு திரும்பி, 2008இல் பழைய இடத்திலேயே நிமிர்ந்தது. எகிப்தியத் தூணன்று எனினும், போன கல் திரும்பி வரக்கூடும் என்பதற்கு அது சான்று.

எகிப்தும் தன்னிடம் எஞ்சியவற்றை இன்று புதுவகையில் போற்றுகிறது. கீசாப் பிரமிடுகளின் அருகே 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பேரருங்காட்சியகத்தின் முன்றிலில், ரம்சேசின் ஊசித் தூண் ஒன்றை உயர்த்தி நிறுத்தியிருக்கின்றனர். அதன் அடியில் நடந்து சென்று அண்ணாந்து பார்த்தால், மூவாயிரம் ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாதிருந்த அடிப்பக்கத்தில் மன்னனுடைய பெயரைக் காணலாம்.

ஊசித் தூணைத் தனியே கண்டால் அது உயர்ந்ததொரு கல்; கோயில் வாயிலில், தன் இணையோடு, கிழக்கில் எழும் கதிரவன்முன் வைத்து எண்ணினால்தான் அது பொருள் பெறும். அடுத்த முறை நம் ஊர்ப் பூங்காவிலோ கல்லறைத் தோட்டத்திலோ அக்கூர்நுனித் தூணைக் காணும்போது, அதன் பின்னே ஒரு வாயிலையும், வாயிலுக்கு அப்பால் இருண்டு செல்லும் மண்டபத்தையும், அஸ்வான் பாறையில் கல்லுருண்டையோடு குனிந்து நின்ற மனிதரையும் சேர்த்துக் காண்போமாக.